ஸர் வில்லியம் ஓஷானெஸியும் ஒற்றைக் கம்பியும்

ஸ்காத்லாந்துத் திருச்சபையைச் சார்ந்த ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் சென்னையில் ஒரு சிறு பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது 1837-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில். அப்பள்ளியே வளர்ந்து கல்லூரியாகி, நூறாண்டு கழித்து 1937-இல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்து, சேலையூரை அடுத்த புதர்க்காட்டின் நடுவே இன்று நாம் காணும் கோலத்தில் நிற்கின்றது என்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் அன்பர் யாவரும் அறிவர். பள்ளி தொடங்கி இரண்டு மாதம் கழிந்தபின் லண்டன் மாநகரில் வேறொரு காரியம் நடந்தது. வில்லியம் குக், சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் இருவர், மின்சாரத்தால் செய்தி அனுப்பும் கருவி ஒன்றிற்கு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தனியுரிமை பெற்றனர். வீட்ஸ்டனின் பெயர் நம் மாணாக்கர்க்குப் புதிதன்று. பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்பித்தடையை அளக்க அவர் பெயரால் வழங்கும் பாலத்தோடு மல்லாடாதார் நம்முள் யார்?

அவர்களுடைய கருவியில் காந்த ஊசிகள் ஐந்து. அவற்றிற்குரிய கம்பிகளும் ஐந்து. ஒரு கம்பி வழியே மின்சாரத்தைப் போக்கி மற்றொரு கம்பி வழியே திரும்பி வரச் செய்தால், அவ்விரு கம்பிகளின் ஊசிகளும் எதிரெதிராகச் சாய்ந்து, இரண்டும் கூடி ஓர் எழுத்தைச் சுட்டும். போகும் கம்பியை ஐந்து விதமாகத் தெரிந்தெடுக்கலாம். திரும்பும் கம்பியை எஞ்சிய நான்கில் ஒன்றாகக் கொள்ளலாம். ஆக 20 எழுத்துக்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கள் 26 ஆகையால், சி, ஜே, க்யூ, யூ, எக்ஸ், இஸட் என்னும் ஆறும் இடமின்றித் தள்ளுண்டன. பின்வந்த இரண்டு ஊசிக் கருவியிலும் க்யூ இல்லை. 1845-ஆம் ஆண்டுத் தொடக்க நாளில் கொலைகாரன் ஒருவன் க்வேக்கர் சமயத்தாரைப் போல் உடுத்து ஸ்லவ் என்னும் ஊரில் வண்டியேறித் தப்பினான். அவனைக் குறித்த தந்தியில் க்வேக்கர் என்னும் சொல்லைக் கே, டபிள்யூ என்னும் எழுத்துக்களால் எழுத நேர்ந்தது என்றும், லண்டனில் அதைப் பெற்றவர் முதலில் பொருள் விளங்காது திகைத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆயினும் அவன் பிடிபட்டான்.

இப்பழங்கணக்கை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்று மின்னணுவியல் பயிலும் மாணாக்கரின் மேசைமேல் அதுவே மறுபடியும் வந்து நிற்கின்றது. மைக்ரோ கண்ட்ரோலர் என்னும் சிறு சில்லை அவர்கள் கையாளுகின்றனர். பழைய 8051 வகைச் சில்லுக்குக் கால்கள் 40. அவற்றுள் வெளியுலகோடு பேசுவதற்கு உரியவை 32. ஆர்டுயினோ ஊனோ பலகையிலோ 20 மாத்திரமே. விளக்குகள் சில, பொத்தான்கள் சில, ஓர் எழுத்துப்பலகை, ஒரு மோட்டார் என்று ஒவ்வொன்றாய் இணைத்துக்கொண்டு போனால் கால்கள் தீர்ந்துவிடுகின்றன, ஆசை தீர்வதில்லை. அப்பொழுது அனுபவமுள்ளவர் ஓர் உபாயம் சொல்லுவர். ஒளிகாலும் டையோடு ஒருபுறமாக மாத்திரமே மின்சாரத்தை விடுமாதலால், ஐந்து கால்களில் ஒன்றை மேலாகவும் மற்றொன்றைக் கீழாகவும் மாற்றி மாற்றி வைத்து 20 விளக்குகளைத் தனித்தனியே எரிக்கலாம் என்பர். இதனைச் சார்லிபிளெக்ஸிங் என்று வழங்குகின்றனர். அப்பெயர் சார்லஸ் வீட்ஸ்டனைக் குறித்ததன்று, அண்மைக் காலத்து வேறொரு சார்லியைக் குறித்தது. எனினும் கணக்கு வீட்ஸ்டனுடைய கணக்கே.

நிற்க. ஐந்து கம்பிக்கு 20 எழுத்து என்பது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் நூற்றுக்கணக்கான மைல் நீளுகின்ற ஒரு தேசத்தில் ஐந்து கம்பி கட்ட யாரால் முடியும்? இங்கிலாந்திலேயே கம்பிகள் பழுதுற்றும் செலவு மிகுந்தும் ஐந்து இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. நம் நாட்டில் தொடக்கத்திலேயே ஒற்றைக் கம்பியை நம்பி இறங்கிய ஒருவர் இருந்தார். அவர் பொறியியல் கற்றவர் அல்லர், வைத்தியர். அவர் சரிதையே இக்கட்டுரையின் பொருள்.

வில்லியம் புரூக் ஓஷானெஸி அயர்லாந்து தேசத்து லிமரிக் நகரில் 1809-ஆம் ஆண்டில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்று 1829-இல் பட்டம் பெற்றார். இரண்டாண்டிற்குள் இங்கிலாந்தில் முதன்முறையாக வாந்திபேதி புகுந்தது. ஸண்டர்லண்டு என்னும் துறைமுகத்தில் நோய் பரவியபோது, இருபத்திரண்டு வயதினரான இவர் அங்குச் சென்று நோயாளரின் இரத்தத்தை வாங்கி இரசாயன முறையில் சோதித்தார். இரத்தத்தினின்று நீரும் உப்பும் வெகுவாகக் குறைந்துபோயிருக்கக் கண்டு, போனவற்றையே திரும்ப உட்செலுத்துவதுதான் சிகிச்சை என்று எழுதினார். நோயாளரிடமிருந்து மேலும் இரத்தத்தை வடித்தெடுப்பதே வைத்தியம் என்றிருந்த காலம் அது. மறு ஆண்டாகிய 1832-இல் ஸ்காத்லாந்தில் தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர் இவர் கருத்தைப் பின்பற்றி உப்புநீரை நரம்பு வழியே செலுத்திச் சிலரை உயிர்பிழைப்பித்தார். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டிலருகே தொங்கும் உப்புநீர்ப் புட்டிக்கு மூலம் அதுவே. இத்தகைய ஒருவர் வாழ்நாள் முழுதும் வைத்தியத்திலேயே நின்றிருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

லண்டனில் வைத்தியத்தொழில் நடத்த வழி கிட்டாமையால் 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் உதவி சர்ஜனாக அமர்ந்து வங்காளத்திற்கு வந்தார். 1835-இல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தோன்றியபோது அதில் இரசாயன ஆசிரியரானார். இந்திய மாணாக்கர் மேனாட்டு வைத்தியத்தை முறையாகக் கற்கத் தொடங்கிய கல்லூரி அது. மதுசூதன குப்தர் சாதிக் கட்டை மீறிப் பிணத்தை அறுத்துச் சோதித்ததும் அங்கேதான். ஓஷானெஸி நாட்டு மருந்துகளை ஏளனம் செய்யாமல் ஆராய்ந்தார். கஞ்சாவின் மருத்துவ குணங்களைப் பற்றி 1839-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி மேனாட்டு வைத்தியருக்கு அப்பொருளை முதன்முதலில் செவ்வனே அறிமுகப்படுத்திற்று. வகுப்பில் மின்சாரப் பரிசோதனைகளையும் அவரே நடத்தி வந்தார். அந்த வகுப்பறை விளையாட்டுத்தான் அவரை வேறு வழியில் இழுத்துச் சென்றது.

1839-ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில், கல்கத்தாவின் அருகே மூங்கிற் கம்பங்களை நட்டு அவற்றின்மேல் கம்பியைக் கட்டினார். அவரே எழுதிய கணக்கின்படி அவ்வழியின் நீளம் 21 மைல். அதில் 7,000 அடி ஆற்றுநீரே கம்பியின் வேலையைச் செய்தது. மின்சாரம் போவதற்கு ஒரு வழியும் வருவதற்கு ஒரு வழியும் வேண்டும். வரும் வழிக்கு நதியையே பயன்படுத்தினால் ஒரு கம்பி மிச்சம். நிலத்தையே இங்ஙனம் திரும்பும் வழியாகக் கொள்ளலாம் என்பதை ஜெர்மானியராகிய ஸ்டைன்ஹைல் அதற்கு முந்திய ஆண்டில் கண்டிருந்தார். இன்று மாணாக்கர் தம் பலகையிலுள்ள சாதனங்கள் அனைத்திற்கும் பொதுவாக ஒரு கிரவுண்டுக் கம்பியை இழுத்து முடிக்கின்றனரே, அதன் பாட்டனார் இந்த நதிதான். அதே ஆண்டில் லண்டனில் பாடிங்டன் நிலையத்திலிருந்து மேற்கே இருப்புப்பாதை ஓரமாக அமைந்த தந்தி வழியின் நீளம் 13 மைல். ஆகவே மூங்கிலும் வகுப்பறைப் பணமும் கொண்டு கல்கத்தாவில் நடந்த சோதனையை அற்பமென்று தள்ளுதல் நேர்மையன்று.

தம் சோதனையை ஆசியக் கழகத்தாரின் பத்திரிகையில் அவ்வாண்டே வெளியிட்டார். பயன் ஒன்றும் இல்லை. கம்பெனியார் கண்ணெடுத்தும் பாரார். பதினோராண்டு அந்தக் காகிதம் உறங்கியது. இடையில் 1843-இல் லண்டன் ராயல் சங்கத்தில் உறுப்பினரானார். கல்கத்தா நாணயச் சாலையில் பொன் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். தந்தியை மறந்துவிட்டார் என்றே எவரும் நினைத்திருப்பர்.

1848-இல் டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். அவர் செய்த மற்றக் காரியங்களைப் பற்றி இந்நாட்டார்க்கு நல்லெண்ணம் கிடையாது. ஆனால் புதுக்கருவிகளின் பயனை உடனே காணுங் கண் அவருக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதியின் கழிமுகம் நோக்கி ஒரு சோதனை வழி அமைக்க ஓஷானெஸி பணிக்கப்பட்டார். 1851-ஆம் ஆண்டு முடிவதற்குள் டைமண்ட் துறைமுகம், கெட்ஜெரி ஆகிய இடங்கள் வரையில் சுமார் 80 மைல் வழி திறக்கப்பட்டது. கடலிலிருந்து வரும் கப்பல்களின் செய்தி வணிகருக்கு உடனே கிடைத்தது. 1852 ஏப்பிரலில் ரங்கூன் பிடிபட்ட செய்தியை ஏந்திய கப்பல் கழிமுகத்தை அடைந்ததும், கப்பல் மேலேறிக் கல்கத்தாவைச் சேருமுன்பே செய்தி கம்பியால் அரண்மனை சேர்ந்தது. அதன்பின் தந்திக்குப் பரிந்துரை தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் இந்தியரின் பெயரைச் சொல்லாமல் மேற்செல்லலாகாது. நாணயச் சாலையில் ஓஷானெஸியின் கீழ் வேலை பார்த்த சிவசந்திர நந்தி என்னும் வங்க இளைஞர் இக்கம்பி வேலைகளில் அவருக்கு வலக்கையாக இருந்தார். பள்ளிப்படிப்பால் பொறியியல் பெற்றவரல்லர். கண்டும் செய்தும் கற்றவர். டைமண்ட் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு முதற்செய்தியை அனுப்பியவர் அவரே. பிற்காலத்தில் பத்மா நதியைக் கடந்து கம்பி போடவேண்டி வந்தபோது, நீராவிக் கப்பலை எதிர்பார்த்து நிற்காமல் மீன்பிடி படகுகளைக் கூட்டி வேலையை முடித்தார் என்பர். 1883-இல் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது.

இனி ஒற்றைக் கம்பியின் மர்மத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஓஷானெஸி கையாண்டது சிறியதொரு கால்வனோஸ்கோப்பு. ஒரே ஒரு காந்த ஊசி. மின்சாரத்தை ஒரு திசையில் விட்டால் ஊசி வலப்புறம் சாயும். திசையை மாற்றினால் இடப்புறம் சாயும். இவ்விரண்டு அசைவுக்குமேல் அக்கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஒரே அசைவைக்கொண்டு இரண்டு குறி அமைக்கலாம். இரண்டு அசைவைக் கோத்தால் நான்கு. மூன்றைக் கோத்தால் எட்டு. நான்கைக் கோத்தால் பதினாறு. இவற்றைக் கூட்டினால் 30 குறிகள். ஆங்கில எழுத்து 26-ம் அதிலடங்கி மீதமும் உண்டு. அசைவுகள் எட்டு என்று வரையறுத்துக் கோத்தால் 256 குறிகள் கிடைக்கும். நம் தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களும் அதனுள் அமைந்துவிடும் என்பதை வேடிக்கையாகக் குறிப்பிடுகின்றோம்.

ஐந்து கம்பி செய்த வேலையை ஒரு கம்பி செய்ததென்றால், மீதி நான்கு கம்பியின் வேலை எங்கே போயிற்று? அது மாயமாய் மறையவில்லை. ஒரு பகுதி காலத்தின் தலைமேல் ஏறிற்று: ஒரே கணத்தில் சுட்டப்பட்ட எழுத்து இப்பொழுது ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அசைவு எடுத்துக்கொண்டது. மற்றொரு பகுதி மனிதனின் தலைமேல் ஏறிற்று. குக், வீட்ஸ்டன் இருவரின் ஐந்து ஊசிக் கருவியை எழுத்தறிந்த எவரும் பயிற்சியின்றிப் படிக்கலாம். ஊசிகள் சுட்டும் எழுத்தைப் பார்த்தால் போதும். ஒற்றை ஊசியின் ஆட்டத்தைப் படிக்கவோ, அக்குறிகளை மனப்பாடமாகக் கற்ற ஒருவன் வேண்டும்; கண் ஊசியை விட்டு அகலாமல், கை எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே கம்பியை மிச்சப்படுத்தத் துணிந்த ஓஷானெஸி ஆட்களைப் பழக்கியே தீரவேண்டியவரானார். இந்நாட்டு இளைஞர்க்கு அத்தகைய கவனமும் விரைவும் வாராதென்று கூறிய வெள்ளையர் அக்காலத்தில் பலர். அவரோ ஐரோப்பியரோடு கூட இந்தியரையும் ஆங்கிலோ இந்தியரையும் சிக்னலராகப் பழக்கினார். தந்தி நிலையங்கள் நடந்ததே அவருடைய விடை.

இதே கதைதான் மைக்ரோ கண்ட்ரோலரின் கால் பெருக்கத்திலும் நடக்கின்றது. 74 எச்.சி. 595 என்னும் ஷிப்டு ரிஜிஸ்டர் சில்லைப் பாருங்கள். மைக்ரோ கண்ட்ரோலரின் கால் மூன்றே அதற்குப் போதும். ஒன்றில் செய்தி செல்லும், உண்டு அல்லது இல்லை என்று; இரண்டாவது தாளம் போடும்; தாளம் ஒவ்வொன்றுக்கும் செய்தி ஓர் அடி உள்ளே நகரும். எட்டுத் தாளம் முடிந்ததும் மூன்றாவது கால் கதவைத் திறக்கும். எட்டுச் செய்தியும் எட்டு வாயிலில் ஒருங்கே தோன்றும். ஒரு சில்லின் வாலை மற்றொன்றின் தலையோடு கோத்தால் 16 வாயில். இன்னுமொன்று கோத்தால் 24. மைக்ரோ கண்ட்ரோலர் செலவிடும் கால்கள் அதே மூன்றுதான். பொத்தான்களை உள்வாங்குவதற்கு 74 எச்.சி. 165 என்னும் சில் இதனை மறுதலையாகச் செய்யும். ஊசியின் அசைவைக் கண்ணால் கோத்துப் படித்த சிக்னலரின் வேலையை இங்கே சில் செய்கின்றது. குறிகளை மனப்பாடமாக்கும் வேலையைப் புரோகிராம் எழுதும் மாணாக்கர் செய்கின்றனர். கம்பி குறைந்தது, காலமும் கருத்தும் அதன் விலையாயின. தாளம் கோடிக்கணக்கில் விழும் இக்காலத்துச் சில்லில் அவ்விலை நமக்குத் தெரிவதில்லை; அவ்வளவே வித்தியாசம்.

தெரியும் இடங்களும் உண்டு. பொத்தான் 16 உடைய பலகையை வரிசை நான்கு, நிரல் நான்கு என்று கட்டி எட்டுக் காலில் அடக்குகின்றோம். ஒவ்வொரு வரிசையாக விசாரித்து வருகிறது சில். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையிலுள்ள பொத்தான்களைச் சேர்ந்தாற்போல் அழுத்தினால், அழுத்தாத நான்காவதும் அழுந்தியதாகப் பொய் சொல்லும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு டையோடு இட்டாலன்றி அப்பொய் தீராது. தாம்பரம் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தைக் காட்டுவது போன்ற ஒளியெழுத்துப் பலகைகளை வரிசை வரிசையாக மாற்றி எரிப்பதும் இம்முறையே. நம் கண்ணின் மந்தத்தால் முழு எழுத்தும் ஒருங்கே தோன்றுகின்றது. சிலர் கைப்பேசியால் படமெடுத்து அதில் பாதி எழுத்தே விழக்கண்டு வியக்கின்றனர்.

இன்னுமோர் ஒற்றுமை. தந்திக் கம்பி ஒன்றில் பல நிலையங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். செய்தியின் முன்னே நிலையத்தின் அழைப்புக் குறியை அனுப்புவர். அக்குறிக்கு உரியவன் எழுந்து விடை சொல்வான். ஏனையோர் வாளா இருப்பர். இன்று இரண்டே கம்பியில் ஓடும் ஐ ஸ்குவேர்டு சி என்னும் முறை அப்படியே. பி.சி.எப். 8574 என்னும் சில் தன் முகவரி அழைக்கப்பட்டாலன்றி வாய் திறவாது. ஒன்றுக்கு எட்டு வாயில். மூன்று காலால் முகவரி மாற்றிக்கொள்ளலாமாதலால் எட்டுச் சில் ஒரே இணையில் வாழும். ஆக இரண்டு கம்பிக்கு 64 வாயில். இருவர் ஒரே முகவரி தரித்தால் குழப்பம் நேரும் என்பதும் பழைய தந்தி நிலையத்தார் அறிந்ததே.

ஓஷானெஸியின் பெருவேலைக்கு வருவோம். 1852-இல் அவரை டல்ஹௌஸி சீமைக்கு அனுப்ப, கம்பெனி டைரக்டர்கள் தாமதமின்றி அனுமதி தந்தனர். 1853 நவம்பரில் கல்கத்தாவில் தொடங்கிய வேலை 1854 மார்ச்சு 24-இல் ஆக்ராவை எட்டியது. ஏறக்குறைய 800 மைல், ஐந்து மாதத்திற்குள். 1855 பிப்ரவரி முதல் நாளில் ஆக்ராவிலிருந்து வடமேற்கே அட்டக்கு வரையிலும், தெற்கே பம்பாய் வரையிலும், பம்பாயிலிருந்து சென்னை வரையிலும் நிலையங்கள் திறந்தாயின. மொத்தம் 3,050 மைல், நிலையங்கள் 41. செலவு சுமார் 21 லட்ச ரூபாய் என்று டல்ஹௌஸி கணக்குக் காட்டியுள்ளார். அன்று சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நேர்வழி இல்லை. கிழக்குக் கரையோரம் போகவேண்டிய செய்தி, சென்னையிலிருந்து பெங்களூர், பம்பாய், ஆக்ரா என்று பாரத தேசத்தைப் பிரதட்சிணம் செய்தே கல்கத்தா சேர்ந்தது.

மேனாட்டார் மெல்லிய கம்பி கட்டுவர். ஓஷானெஸியோ பருத்த இரும்புக் கோலைத் தொடுத்தார். குரங்குக் கூட்டம் ஊஞ்சலாடினாலும், பருந்தும் காகமும் நிரை நிரையாய் அமர்ந்தாலும், புயலில் மரம் சாய்ந்து விழுந்தாலும் அது அறாது. பருமன் மிகுதியால் மழைக்காலத்திலும் மின்சாரத்தைப் பெரும்பாலும் கொண்டுசேர்க்கும் என்பது அவர் துணிபு. மைசூர்ச் சீமையில் மரக்கம்பத்திற்குப் பதிலாகக் கருங்கல் தூண்களை நிறுத்தினர். வழியில் குறுக்கிட்ட பேராறுகள் எழுபது. சிலவற்றைக் கம்பங்களால் தாண்டினர், சிலவற்றில் நீருக்கடியில் வடம் இட்டனர். துங்கபத்திரையில் அவ்வடத்தின் நீளம் இரண்டு மைல். விரைவு ஒன்றையே கருதிச் செய்த வேலையாதலால் குறைகளும் மலிந்தன. பின்வந்தோர் பெரும்பகுதியைத் திரும்பவும் நன்முறையில் கட்ட நேர்ந்தது. எனினும் முதலில் சிறந்ததைக் கட்டுவேன் என்று அவர் காத்திருந்தால், மறுபடியும் பதினோராண்டு உறங்கியிருக்கும் என்பதே நம் கருத்து.

இக்கம்பியால் நன்மை பெற்றவர் யார் என்று கேட்போர்க்கு விடை எளிது. முதலில் அரசாங்கத்தாரும் பட்டாளத்தாரும், அடுத்து பெருவணிகரும். 1857-இல் டில்லியில் கலகம் மூண்ட செய்தி அங்கிருந்த சிக்னலரால் அம்பாலாவுக்கு எட்டியதும், அதனால் பஞ்சாபில் ஆங்கிலேயர் முன்னெச்சரிக்கையோடு படைகளை அடக்கியதும் வரலாறு. கம்பிகளைக் கலகக்காரர் அறுத்து எறிந்ததும் வரலாறே. அதன் வலிமை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஓஷானெஸி தம் கருவியை யார் கையில் தருகின்றோம் என்று கவலையுற்றதாக நமக்குச் சான்று ஒன்றும் இல்லை.

1856-இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. ஒற்றை ஊசிக் கருவியின்மேல் அவருக்குப் பிடிவாதம் இருந்ததில்லை. மார்ஸ் முறையில் குறிகள் காகிதத்தில் பதிவதையும், விரைவு மிகுவதையும் கண்டு, தாம் உருவாக்கிய கருவியைத் தாமே ஒதுக்கி, 1857 முதல் இந்நாட்டில் மார்ஸ் கருவிகளைக் கொணர வழிசெய்தார். வலம் இடம் போய்ப் புள்ளியும் கோடும் வந்தன. கம்பி மாத்திரம் ஒன்றாகவே நின்றது. அக்குறிகள் இந்நாட்டு அஞ்சலகங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்தன. பிற்காலத்தில் டெலிபிரிண்டரும் கணிப்பொறியும் அவற்றினிடத்தைப் பிடிக்க, பொதுமக்களுக்கான தந்திப் பணி 2013 ஜூலையில் முடிவுற்றது.

1860-ஆம் ஆண்டை ஒட்டி அவர் உடல்நலங் குன்றி இங்கிலாந்து திரும்பினார். 1861-இல் உரிமைச்சொத்து ஒன்றின் காரணமாகத் தம் குலப்பெயரைப் புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதனால் வைத்திய நூல்களில் ஒரு பெயராலும் தந்தி நூல்களில் ஒரு பெயராலும் இருவேறு மனிதர்போல் அவர் குறிக்கப்படுவதுண்டு. அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு உயிரோடிருந்தும் விஞ்ஞான உலகில் அவர் குரல் கேட்கவில்லை. 1889 ஜனவரி 8-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஸௌத்ஸீ என்னும் கடலோர ஊரில் காலமானார்.